பீடத்திலிருந்து இறங்கிய இன்ஜின்

எங்கள் ஊரான சிக்கலுக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் உத்தரகோசமங்கை வழியாக ராமநாதபுரத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுளத்தூர் போய்ப் பரமக்குடி. அப்படி மெனக்கெட்டுப் போய் ஏறுகிற ரயிலுக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏறினார்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்தவர்கள் ஏறினார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கும் சென்னை வேலைக்கும் போகிறவர்கள் இன்றும் ஏறுகிறார்கள். எந்த ஊருக்கும் போகாமல், பழைய பெட்டியில் உட்கார்ந்து, கரித்தூளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பி வருவதற்கு ஒருவர் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறார் என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.

ஆனால் எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுக்கிறார்கள், இலங்கையில் எடுக்கிறார்கள், டெல்லியில் எடுக்கிறார்கள், நம் சென்னை எழும்பூரிலும் வரிசையில் நின்று எடுத்திருக்கிறார்கள். ரயில் அருங்காட்சியகங்கள் தங்கள் கிழட்டு இன்ஜினுக்குத் தீ மூட்டி, மனிதர்களை ஏற்றி, வயலும் மலையும் காட்டிக் கூட்டி வருகிற இந்த வழக்கத்துக்கு ஒரு பிறந்த கதை உண்டு. அதன் முதல் பாதி வேல்ஸ் நாட்டில் நடந்தது. அடுத்த பாதியில் பெரும்பங்கு பெரம்பூரில் நடந்தது. இந்த இரண்டாவது சங்கதி நம்மில் பலருக்குத் தெரியாது.

வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில். கூரைக்குப் போடும் கற்பலகைகளை மலைக் குவாரியிலிருந்து கடற்கரை ஊருக்குக் கொண்டுவர 1865-ல் போட்ட பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டேகால் அடிதான் இடைவெளி. சர் ஹேடன் ஜோன்ஸ் என்ற அந்தப் பகுதி அரசியல்வாதி குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார். 1946-ல் குவாரி சரிந்து மூடிக்கொண்டது. கல் இல்லாத கல் ரயிலை வைத்து என்ன செய்வது? தான் உயிரோடு இருக்கிறவரை ரயில் ஓடும் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னபடி நஷ்டத்திலேயே ஓட்டினார். 1950 ஜூலையில் இறந்துபோனார்.

வேறு எந்த இடமாக இருந்தாலும் அடுத்த மாதமே தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இங்கே எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் குறுக்கே வந்தார். அவர் இன்ஜினியராகப் பழகியவர். கால்வாய்களையும் பழைய இயந்திரங்களையும் பற்றி எழுதியவர். 1950 அக்டோபர் 11-ம் தேதி பர்மிங்காமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார். ரயிலை நாமே எடுத்து நடத்தலாம், சம்பளமில்லாமல் வேலை செய்யலாம் என்று பேசினார்கள். குமாஸ்தா, வாத்தியார், மெக்கானிக் எனக் கலவையான கூட்டம். ஜோன்ஸின் மனைவியும் சம்மதித்தார். கட்டைகள் மக்கி, புதர் மண்டிக் கிடந்த பாதை அது. ஓடுகிற நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே ஒரு இன்ஜின். அதை வைத்துக்கொண்டு 1951 மே 14-ம் தேதி முதல் ரயிலை விட்டார்கள்.

உலகத்தில் தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் அதுதான். இன்று பிரிட்டனில் இப்படிப்பட்ட பாதைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எதையும் யாரையும் எங்கும் கொண்டு சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், ஓடுவதற்காகவே ஒரு ரயில் ஓடலாம் என்பது அன்றைக்குத்தான் நிரூபணமானது. டிக்கெட் பணத்தில் கரி வாங்கினார்கள். மிச்சத்தில் கட்டை மாற்றினார்கள். அரசாங்கம் கொடுக்கும் என்று காத்திருக்கவில்லை. நமக்கு இந்தப் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அருங்காட்சியகங்கள் இதற்குள் எளிதில் வரவில்லை. காட்சிக்கு வைத்த பொருளைத் தொடக்கூடாது என்பதுதான் அவர்கள் சாத்திரம். தொடக்கூடாத பொருளுக்குள் தீ மூட்டுவதாவது! தீ பட்டால் தகடு தேயும், புதுக் குழாய் போட வேண்டிவரும், கொஞ்சம் கொஞ்சமாக அசலே காணாமல் போகும். நியாயமான பயம்தான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1981-ல் அந்தப் பயத்தைத் தாண்டியது. 1831-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஜான் புல் என்ற இன்ஜினை அதன் 150-வது ஆண்டு நிறைவுக்காகச் சோதித்துப் பார்த்தார்கள். தாங்கும் என்று தெரிந்ததும் வாஷிங்டன் அருகே தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டினார்கள். ஓட்டியதில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிறகு திரும்பக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

இனி நம் கதை.

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் என்ற பட்டறை, கிழக்கிந்திய ரயில்வேக்காக இன்ஜின்கள் செய்து கல்கத்தாவுக்குக் கப்பலேற்றியது. அப்போது ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை பாதை திறந்திருந்தது. ராணிகஞ்சில் நிலக்கரி, ரயில் அங்கே போனதற்கு அதுதான் காரணம். வந்து இறங்கிய இன்ஜின்களில் இரண்டு இந்தக் கதைக்கு வேண்டும். எண் 21, எண் 22. பின்னாளில் 21-க்கு எக்ஸ்பிரஸ் என்றும் 22-க்கு ஃபேரி குயின் என்றும் பேர் வந்தது. முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் ஆளுயரத்துக்கு ஆறடி விட்டத்தில் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம். இழுக்கிற வேலை முழுக்க நடுச்சக்கரம் இரண்டுக்கும்தான். இன்றைய கண்ணுக்கு விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். எடை 26 டன்.

ஃபேரி குயின் தபால் ரயில் இழுத்தது. 1857 கிளர்ச்சியில் கம்பெனிப் பட்டாளத்தை ஏற்றிப் போனது. வயதானதும் பீகாரில் பாதை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். 1909-ல் ஓய்வு கொடுத்து, ஹவுரா ஸ்டேஷனுக்கு வெளியே பீடம் கட்டி ஏற்றி வைத்தார்கள். 1943-ல் அங்கிருந்து உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. எக்ஸ்பிரஸுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். ஜமால்பூர்ப் பட்டறையிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. ரயில்வேயில் பெயின்ட் அடிப்பதற்கு ஒருநாளும் பஞ்சமில்லை. துருவின் மேல் பெயின்ட், பெயின்டின் மேல் துரு என்று அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே இருந்தது.

டெல்லி சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 பிப்ரவரி 1-ம் தேதி திறந்தது. எந்த இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும், எது பழைய இரும்புக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுக்க மைக்கேல் சாடோ என்ற ஆங்கிலேய ரயில் பித்தர் உதவினார். அந்த அருங்காட்சியகம் பிறக்கும்போதே ஓடுகிற ரயில் ஒன்று அதில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் சமாளிக்கிற சக்கரம் ரோட்டிலும் ஓடும் விநோதம். பெர்லினில் செய்த இன்ஜின். அது ஒரு கொட்டகையில் குப்பையாகக் கிடந்தது. எடுத்து அமிர்தசரஸ் பட்டறையில் உயிர் கொடுத்து வளாகத்துக்குள்ளேயே ஓட்டினார்கள். ஆனால் அது வளாகத்துக்குள் சுற்றும் ரயில். நிஜத் தண்டவாளத்தில், நிஜ சிக்னலுக்குக் கட்டுப்பட்டு, ஊர் விட்டு ஊர் போவது வேறு விஷயம்.

அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது. 1972-க்குப் பிறகு இந்திய ரயில்வே பெரிய பாதைகளுக்கு நீராவி இன்ஜின் செய்யவில்லை. இருந்தவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. 1995 டிசம்பர் 6-ம் தேதி பஞ்சாபில் ஃபிரோஸ்பூருக்கும் ஜலந்தருக்கும் நடுவே ஓடியதோடு அகலப்பாதையின் அன்றாட நீராவி ஓட்டம் முடிந்தது. கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்கள் டீசலுக்கு மாறினார்கள் அல்லது ஓய்வு பெற்றார்கள். பாய்லர் அடிக்கத் தெரிந்த கைகள் குறையத் தொடங்கின. இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் ஃபேரி குயினைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருந்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அதை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்து, சென்னைக்குப் பெரம்பூருக்கு அனுப்பினார்கள்.

ஏன் பெரம்பூர்? தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. அதே வருஷம் பெரம்பூரில் பட்டறை தொடங்கியது. இன்ஜினுக்கும் பட்டறைக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அப்பா, மகன், பேரன் என்று மூன்று நான்கு தலைமுறையாகப் பட்டறை வேலைக்குப் போன குடும்பங்கள் பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி பக்கம் இருந்தன. புத்தகத்தில் இல்லாத வேலை அவர்கள் கையில் இருந்தது.

நீராவி இன்ஜினைப் பழுது பார்ப்பது என்றால் முக்கால்வாசி பாய்லரைப் பழுது பார்ப்பதுதான். பெரிய உருளைக்குள் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே படுக்கை வாட்டத்தில் ஏராளமான குழாய்கள். பின்னால் தீப்பெட்டி. தீயின் சூடான புகை குழாய்கள் வழியே முன்பக்கப் புகைப்பெட்டிக்குப் போகும். போகிற வழியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கொதித்த ஆவியை சிலிண்டருக்குள் விட்டால் பிஸ்டன் முன்னும் பின்னும் போகும், தண்டு சக்கரத்தைச் சுற்றும். வேலை முடிந்த ஆவியை வீணாக்குவதில்லை. புகைபோக்கிக்குக் கீழே கொண்டுபோய் ஊதி விடுவார்கள். அது மேலே பாயும்போது தன்னோடு புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் தீப்பெட்டிக்குள் புதுக் காற்று பாயும், தீ இன்னும் கொழுந்துவிடும். இன்ஜின் வேகமாக ஓடினால் தீ தானாகவே வேகமாக எரியும். யாரும் விசிறத் தேவையில்லை. குழந்தைகள் சொல்லும் குச்சு குச்சு என்பது இந்த ஆவி ஊதும் சத்தம். சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு ஊதல். ஆறடிச் சக்கரம் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய எட்டு ஊதல் வரும்.

நூறு வருஷத் துருவில் இத்தனையும் இற்றுப்போயிருக்கும். தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். குழாய்களை உருவி மாற்ற வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஓடும்போது வரும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் வெடித்தால் சட்டை நனையும். ஆவியில் வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். இந்தச் சோதனைக்குப் பிறகுதான் தீ. அதுவும் ஒரேயடியாக அல்ல. இரும்பு சூட்டில் விரியும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிய வேண்டும், இல்லையென்றால் மூட்டுகள் விடும். அதனால் மாலையில் ஓட வேண்டிய இன்ஜினுக்கு முந்தின இரவே சின்னத் தீயாக வைத்து, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள்.

எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தை புரியும். காற்று ஒரு துளை கூடினால் விறகெல்லாம் சாம்பல். ஒரு துளை குறைந்தால் பாதி வெந்த கட்டை. மூட்டக்காரர் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார். பழைய ஃபயர்மேனும் அப்படித்தான், புகைபோக்கியைப் பார்த்துத்தான் கரி போடுவார். இன்னொன்றும் உண்டு: மெட்ராஸ் ரயில்வேயின் ஆரம்ப கால இன்ஜின்கள் எரித்தது பெரும்பாலும் விறகு. ராணிகஞ்ச் கரி சென்னைக்கு வந்து சேர்வதற்குள் விலை எங்கோ போய்விடும். சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் அத்தனை பெருகியதற்கு ரயிலின் பசியும் ஒரு காரணம்.

1997-ல் ஃபேரி குயின் ஓடியது. ஜூலை 18-ம் தேதி, 88 வருஷத்துக்குப் பிறகு, பிரதான பாதையில். அதிலிருந்து குளிர்காலங்களில் டெல்லி கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ராஜஸ்தானின் அல்வார் வரை உல்லாசப் பயணம். ஒரு சின்னக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். கடுகு வயல்களும் ஆரவல்லி மலைத்தொடரும் வழியெல்லாம் வரும். இரவு சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் பக்கம் தங்கி, மறுநாள் திரும்புவார்கள். டிக்கெட் எளியவர்களுக்கு எட்டுகிற விலையில் இருக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களை நம்பித்தான் தொடங்கினார்கள். 1998-ல் அன்றாட ஓட்டத்தில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1999-ல் தேசிய சுற்றுலா விருது, பிரதமர் வாஜ்பாய் கையால்.

பேரும் புகழும் பாதுகாப்பு கொடுக்காது. 2011-ல் நிறுத்தி வைத்திருந்த இன்ஜினிலிருந்து திருடர்கள் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பித்தளைக்கு நல்ல விலை. திரும்பவும் பெரம்பூர்தான் கைகொடுத்தது. கடையில் கிடைக்காத பாகங்களை ஒவ்வொன்றாக வார்த்தும் கடைந்தும் செய்தார்கள். மறுபடி பயணிகளை ஏற்றியது 2017 பிப்ரவரியில்தான்.

இதற்கு நடுவே 21-ம் எண்ணும் பெரம்பூருக்கு வந்து சேர்ந்திருந்தது. தங்கையை எழுப்பிய கையாலேயே அக்காவையும் எழுப்புங்கள் என்று அனுப்பிய மாதிரி. நூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றதில் பழைய பாகங்கள் அநேகமாக உதவாது என்ற நிலை. புதிதாகச் செய்ய வேண்டியதைப் புதிதாகச் செய்து, இன்றைய பாதுகாப்பு விதிக்காகக் காற்று பிரேக் பொருத்தி, வேகம் காட்ட ஜி.பி.எஸ்.கூட வைத்து, 2010 ஆகஸ்ட் 15-ம் தேதி சென்னையில் ஓட்டினார்கள். பிறகு சில சுதந்திர தினங்களிலும் குடியரசு தினங்களிலும் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை கொடி கட்டிக்கொண்டு போவதைப் பலர் பார்த்திருக்கலாம். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் பிளாட்பாரங்களில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். 2019-ல் கொச்சிக்குக் கொண்டுபோய் எர்ணாகுளத்துக்கும் துறைமுக ஸ்டேஷனுக்கும் நடுவே ஓட்டினார்கள். காயலோரப் பாதை; ஒரே ஒரு பெட்டி. அங்கே அது நல்ல பேர் வாங்கியது.

நீலகிரி ரயிலை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அது வேறு சாதி. 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் ஏறிய அந்த ரயில் நிற்கவே இல்லை. நிற்காததை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் அந்த மலைப்பாதைக்கு டீசலால் எளிதில் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதாலேயே நீராவி தப்பியது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்காக இந்த நூற்றாண்டிலும் திருச்சி பொன்மலைப் பட்டறையில் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு செய்திக்காகவே பொன்மலைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இலங்கை நம்மை முந்திக்கொண்டது. 1986-லேயே வைஸ்ராய் ஸ்பெஷல் என்று பழைய நீராவி இன்ஜினும் பழைய பெட்டிகளும் சேர்த்துக் கொழும்பிலிருந்து கண்டி மலைக்கு உல்லாச ரயில் விட்டார்கள். ஃபேரி குயினுக்குப் பதினோரு வருஷம் முன்பு. ரயில்வே தொடங்கி 150 வருஷமானதைக் கொண்டாட 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய ரயில் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அந்த நாட்டு ரயிலுக்கும் எங்கள் கடற்கரைக்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்கிறேன். தலைமன்னார் ஜெட்டி எங்கள் பாட்டன்மாருக்குப் பக்கத்து ஸ்டேஷன்.

ஒரு வருத்தமும் உண்டு. அண்மையில் வேறொரு வழக்கம் தலைதூக்கியிருக்கிறது. மின்சார இன்ஜினுக்கு மேலே நீராவி இன்ஜின் போலத் தகட்டுச் சட்டை மாட்டி, புகைபோக்கி வைத்து, பாரம்பரிய ரயில் என்று விடுவது. 2023 அக்டோபர் 31-ம் தேதி குஜராத்தில் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே விட்டது அப்படிப்பட்டது. பெட்டி அழகாக இருக்கிறது, ஜன்னல் பெரிதாக இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. உல்லாசப் பயணத்துக்குக் குறையில்லை. ஆனால் அதைப் பாரம்பரியம் என்று சொல்லாதீர்கள். பாய்லர் அடிக்கும் கை, தீயைப் படிக்கும் கண், தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே சிக்னலையும் பார்க்கும் டிரைவரின் பழக்கம், இவைதான் பாரம்பரியம். தகட்டுச் சட்டைக்குள் அவற்றில் எதுவும் இல்லை. பெரம்பூரில் எண் 21 ஓடுவதற்கு ஒரு வருஷம் லீவு விட்டால் அந்த வருஷம் ஓய்வு பெறும் ஆளோடு ஒரு வித்தையும் போய்விடும். ஓடுவதால் இன்ஜின் தேய்கிறது என்பது உண்மைதான். ஓடாததால் வித்தை தேய்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் கரைக்கு வருகிறேன்.

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது 1902-ல். கடலைத் தாண்டும் பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அடுத்த சில நாளில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறினால் கப்பல் மாறிக் கொழும்பு வரை போகலாம். அந்த போட் மெயில் பேரை ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இன்னும் சுமக்கிறது. கப்பலுக்காகத் திறந்து மூடும் நடுக்கண்ணை ஷெர்சர் என்ற அமெரிக்க இன்ஜினியரின் முறைப்படி செய்திருந்தார்கள். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன பயணி ரயில் போனது, பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்கள் போயின. இ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். ஆனால் தனுஷ்கோடிப் பாதை திரும்ப வரவில்லை.

இதெல்லாம் மீட்டர் கேஜ் காலம். லீட்ஸில் பிறந்த எண் 21 அகலப்பாதை இன்ஜின். ஐந்தரை அடி இடைவெளி அதற்கு வேண்டும். மூன்றேகால் அடியை ஒட்டிய எங்கள் பாதையில் ஒரு நூற்றாண்டாக அது நுழைந்திருக்கவே முடியாது. 2007-ல் பாம்பன் பாலமும் அகலப்பாதை ஆனது. 2022 டிசம்பர் 23-ம் தேதியோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தது; இப்போது நடுக்கண் 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. பாம்பன் பாலம் தாங்கும் எடைக்கு முன்னால் 26 டன் இன்ஜினும் ஒற்றைப் பெட்டியும் ஒரு பொருட்டே அல்ல. ஆக, 1855-ன் இன்ஜின் ராமேஸ்வரத்துக்கு வருவதற்குத் தண்டவாளத்தில் தடை எதுவும் இப்போது இல்லை.

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை இருபது கிலோமீட்டருக்குள். இந்தக் கிழட்டு இன்ஜினுக்குத் தாங்கும் தூரம். எழும்பூர் கோடம்பாக்கம் நடுவே அது பார்ப்பது வீட்டுப் பின்சுவர்களையும் துணி காயும் மொட்டை மாடிகளையும்தான். இங்கே ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கடல்மேல் பாதை. அருங்காட்சியக ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை இந்தியாவில் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தொல்லைகள் உண்டு, மறைக்கவில்லை. முதலாவது தண்ணீர். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீர் உப்பு. பாய்லரில் ஊற்றினால் குழாய்களில் காரை படியும், சூடு ஏறாது, தகடு வெந்துபோகும். ஃபேரி குயினின் தொட்டிக்கே 3,000 லிட்டர் பிடிக்கும். நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்களுக்கே குடக்கணக்கில்தான் வருகிறது என்பதால் அதில் கைவைக்காமல் வேறு வழி பார்க்கட்டும். இரண்டாவது காற்று. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் விழுந்ததில்லை. ஆடிக் காற்றையும் ஐப்பசி, கார்த்திகைப் புயல் மாதங்களையும் விட்டுவிட்டுத் தை, மாசியில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது துரு. இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் எங்கள் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அதனால் இன்ஜினை இங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. வருஷத்தில் சில வாரம் வந்து ஓடிவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பெரம்பூருக்குப் போகட்டும்.

பழைய பாலத்தைப் பிரித்தெடுக்க ரயில்வே தீர்மானித்துவிட்டது. முழுப் பாலத்தையும் வைத்திருக்கச் சொல்வது நடக்காத காரியம். கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல், மீனவர்களுக்கும் ஆபத்து. ஆனால் ஷெர்சர் நடுக்கண்ணையாவது எடைக்குப் போடாமல் மண்டபத்தில் கரையேற்றி, அதைச் சுற்றி ஒரு சின்ன அருங்காட்சியகம் அமைக்கலாம். போட் மெயில் டிக்கெட்டுகள், கப்பல் படங்கள், சுற்றுக்கைப்பிடிகள், புயலில் தப்பியவர்கள் சொன்னவை. அங்கிருந்து ராமேஸ்வரம் வரை எண் 21.

தெற்கு ரயில்வேயிடம் கேட்பது ஒரே ஒரு தை மாதத்துச் சோதனை ஓட்டம். டிக்கெட்டை மட்டும் டெல்லிக்காரர்கள் மாதிரி வெளிநாட்டு விலையில் வைக்க வேண்டாம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நாள் இலவசமாக ஓட்டட்டும். வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கும், சென்னையில் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும், ராமநாதபுரம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.